பனியாறும் உறைநிலமும் உருவாக்கும் நிலவடிவங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புவியியல் மாணவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், மலையேறுகிறவர்கள் என்று யார் கேட்டாலும், பனியாற்று நிலவடிவங்களைப் பற்றிய சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பிறகு.

பாதிக்கு மேற்பட்ட குழப்பங்களுக்கு ஒரே வேர்தான்: குளிர்தான் நிலத்தைச் செதுக்குகிறது என்ற எண்ணம். குளிர் மட்டும் எதையும் செதுக்காது. பனிக்கட்டியும் தண்ணீரும் அருகருகே இருக்கிற இடத்தில், உருகலும் உறைதலும் மாறி மாறி நடக்கிற விளிம்பில்தான் வேலை நடக்கிறது. கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்துக்கே திரும்பி வரும்.

பனி, பனிக்கட்டி, பனியாறு எல்லாம் ஒன்றுதானே?

தமிழில் 'பனி' என்ற ஒரே சொல் மார்கழிக் காலையில் புல்லில் நிற்கும் நீர்த்துளிக்கும் வரும், வானிலிருந்து பஞ்சுபோல் விழுவதற்கும் வரும், கெட்டியான கட்டிக்கும் வரும். பாதிக் குழப்பம் இங்கேயே தொடங்கிவிடுகிறது. இந்தப் பக்கத்தில் வானிலிருந்து விழுவதை வெண்பனி என்றும், இறுகிக் கெட்டியானதைப் பனிக்கட்டி என்றும் சொல்கிறோம்.

பனியாறு என்பது நிலத்தின் மேல் உருவாகி, தன் எடையாலேயே நகர்கிற பனிக்கட்டித் திரள். நகராவிட்டால் அது பனியாறு அல்ல, வெறும் பனித்திட்டு. கடல்நீர் உறைந்து மிதப்பதும் பனியாறு ஆகாது. கண்டம் அளவுக்குப் பரந்து கிடந்தால் அதைப் பனிவிரிப்பு என்கிறோம். இன்று அண்டார்க்டிகாவிலும் கிரீன்லாந்திலும் மட்டுமே பனிவிரிப்புகள் இருக்கின்றன.

விழுந்த வெண்பனி எத்தனை நாளில் பனியாறாகும்?

நாள் கணக்கில் அல்ல, ஆண்டுக் கணக்கில். புதிதாக விழுந்த வெண்பனியில் பெரும்பகுதி காற்றுதான். ஒரு கனமீட்டர் 50 முதல் 200 கிலோ வரைதான் எடை இருக்கும். அதன் கூர்முனைகள் மழுங்கி, மணிகளாகி, ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். ஒரு கோடையைத் தாக்குப்பிடித்த பழைய பனிக்கு ஃபிர்ன் என்று பெயர். அதன் எடை கனமீட்டருக்கு 400 கிலோவைத் தாண்டிவிடும். சுமார் 830 கிலோவை எட்டும்போது மணிகளுக்கு இடையிலிருந்த காற்று வழிகள் மூடிக்கொண்டு, மீதிக் காற்று குமிழ்களாகச் சிறைப்படுகிறது. அதன் பிறகுதான் அது பனிக்கட்டி.

கோடையில் உருகுநீர் இறங்கி மறுபடி உறையும் மலைப்பகுதிகளில் இதற்குச் சில ஆண்டுகள் முதல் சில பத்தாண்டுகள் வரை போதும். உருகலே இல்லாத, பனிப்பொழிவும் மிகக் குறைவான அண்டார்க்டிகாவின் உட்பகுதியில் இதே மாற்றத்துக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன. தண்ணீர் கலந்தால் வேலை எவ்வளவு விரைவுபடும் என்பதற்கு இதுவே முதல் சான்று.

கெட்டியான கட்டி எப்படி ஆறு மாதிரி ஓடும்?

மூன்று வழிகள். முதலாவது, உள்ளுக்குள்ளேயே உருமாறுவது. சுமார் 30 மீட்டர் தடிமனைத் தாண்டினால், கீழே இருக்கும் பனிக்கட்டி மேலிருக்கும் எடையைத் தாங்காமல் மெல்ல இழுபடத் தொடங்கும். அழுத்த விசை இரண்டு மடங்கானால் இந்த இழுபடும் வேகம் எட்டு மடங்காகிறது. அதனால்தான் தடிமன் கொஞ்சம் கூடினாலே வேகம் மளமளவென்று கூடுகிறது. மேலே இருக்கும் 30 மீட்டர் அடுக்கு மட்டும் இழுபடாமல் விரிசல் விடும். மலையேறுகிறவர்கள் அஞ்சும் வெடிப்புப் பிளவுகள் பெரும்பாலும் அந்த ஆழத்தோடு நின்றுவிடுவதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது, அடித்தளத்தில் வழுக்குவது. இதற்கு அடியில் தண்ணீர்ப் படலம் வேண்டும். மூன்றாவது, அடியிலுள்ள ஈரமான களிமண்ணும் சரளையும் குழைந்து, மேலே இருப்பதைச் சுமந்து நகர்வது. பல பனியாறுகள் ஆண்டுக்குச் சில பத்து மீட்டர்தான் நகரும். கிரீன்லாந்தின் யாக்கோப்ஷாவ்ன் பனியாறு 2012 கோடையில் நாளுக்கு 46 மீட்டர் வரை நகர்ந்தது. அலாஸ்காவின் வேரிகேட்டட் பனியாறு பல ஆண்டுகள் மந்தமாகக் கிடந்துவிட்டு, 1982-83இல் திடீரென்று பாய்ந்தது. அடியிலிருந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி, பனியாற்றைத் தளத்திலிருந்து தூக்கிவிட்டதுதான் காரணம்.

பனியாறு பின்வாங்குகிறது என்கிறார்களே, மேல்நோக்கி ஏறிப் போகிறதா?

இல்லை. பின்வாங்கும் பனியாறும் கீழ்நோக்கித்தான் நகர்ந்துகொண்டிருக்கிறது. மேலே சேர்மானம், கீழே உருகல் என்று வரவும் செலவும் நடக்கின்றன. வந்து சேரும் பனிக்கட்டியைவிட முனையில் உருகுவது அதிகமானால் முனையின் இடம் மட்டும் மேலே தள்ளிப்போகிறது.

இது பெயரைப் பற்றிய சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் பனியாறு கொண்டுவந்து விடும் கல்மண் குவியல்களான மொரைன்களைப் புரிந்துகொள்ள இது அவசியம். முனை ஒரே இடத்தில் பல ஆண்டுகள் நின்றாலும், பனியாறு ஓயாமல் கல்லையும் மண்ணையும் கொண்டுவந்து அங்கே கொட்டிக்கொண்டேதான் இருக்கும்.

பனிக்கட்டி பாறையைவிட மென்மை. அது எப்படிப் பாறையைக் குடையும்?

சரியான சந்தேகம். உருகுநிலைக்கு அருகில் பனிக்கட்டியின் கடினம், 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவில் சுமார் 1.5தான், கருங்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் 7. வெறும் பனிக்கட்டியால் கருங்கல்லில் ஒரு கீறலும் போட முடியாது. கீறுவது பனிக்கட்டியின் அடியில் பதிந்திருக்கும் கற்கள். உப்புத்தாளில் தாள் தேய்ப்பதில்லை, அதில் ஒட்டியிருக்கும் மணல்தான் தேய்க்கிறது, அதேபோலத்தான். பெரிய கல் கோடு கிழிக்கும், நுண்மணல் மெருகேற்றும், தேய்ந்து வருவது மாவாகும். இந்தப் பாறை மாவு கலந்த ஆறுகள் பால்போல் வெளுத்து ஓடும். அது ஏரியில் மிதக்கும்போது ஏரி பச்சை கலந்த நீலமாகத் தெரியும்.

இன்னொரு வேலை பறித்தல். பாறை மேட்டின் முன்பக்கத்தில் அழுத்தம் அதிகம், அங்கே பனிக்கட்டி உருகுகிறது. அந்தத் தண்ணீர் மேட்டைச் சுற்றி வந்து, அழுத்தம் குறைந்த பின்பக்கத்தில் மறுபடி உறைகிறது. பின்பக்கத்துப் பாறையில் ஏற்கெனவே இருக்கும் விரிசல்கள் அழுத்த மாற்றத்தால் நீண்டு, துண்டுகள் கழன்று பனிக்கட்டியோடு போய்விடுகின்றன. விரிசல் நிறைந்த பாறையில் தேய்மானத்தைவிடப் பறித்தல்தான் அதிகக் கல்லை எடுக்கும். பாடநூல்களில் இந்தப் பகுதிக்கு இன்னும் அதிக இடம் தந்திருக்கலாம்.

அப்படியானால் குளிர் எவ்வளவு அதிகமோ, அரிப்பும் அவ்வளவு அதிகமா?

நேர் எதிர். அடித்தளம் உருகுநிலையில் இருந்தால்தான் வழுக்கும், வழுக்கினால்தான் தேய்க்கும். கடுங்குளிரில் பனியாற்றின் அடி பாறையோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். அப்போது மேல்பகுதி மட்டும் இழுபட்டு நகரும், அடியில் கிட்டத்தட்ட ஒன்றும் நடக்காது. இப்படி ஒட்டிய துருவப் பனியாறுகள் ஆண்டுக்கு 0.01 மில்லிமீட்டர் அளவில் அரிக்கும்போது, ஈரமான அடித்தளம் கொண்ட மலைப் பனியாறுகள் 1 மில்லிமீட்டர் அளவிலும், தென்கிழக்கு அலாஸ்காவின் வேகமான பனியாறுகள் சில இடங்களில் 10 மில்லிமீட்டர் அளவிலும் அரிக்கின்றன.

அடித்தளம் ஒட்டியிருக்குமா, வழுக்குமா என்பதைக் காற்றின் வெப்பநிலை மட்டும் தீர்மானிப்பதில்லை. தடிமனான பனிக்கட்டி மேலிருக்கும் குளிரைத் தடுக்கிறது. பூமியின் உள்வெப்பம் கீழிருந்து வருகிறது. 1,000 மீட்டர் தடிமனுக்கு உருகுநிலையே 0.7 முதல் 0.9 டிகிரி செல்சியஸ் வரை இறங்குகிறது. அதனால் ஒரே பனிவிரிப்பு பள்ளத்தாக்கில் ஆழமாகக் குடைந்துகொண்டும், பக்கத்து மேட்டில் ஒன்றும் செய்யாமல் மூடிக்கொண்டும் இருக்க முடியும். கனடாவின் எல்ஸ்மியர் தீவில் சுமார் 400 ஆண்டுகள் பனியாற்றுக்கடியில் கிடந்த பாசிகள் சிதையாமல் வெளிவந்தன. அவற்றில் சிலவற்றை ஆய்வுக்கூடத்தில் மறுபடி துளிர்க்க வைத்தார்கள். பாசியைக்கூடக் கலைக்காத பனியாறு பாறையை எப்படிக் குடையும்?

ஆற்றுப் பள்ளத்தாக்கு வி வடிவம், பனியாற்றுப் பள்ளத்தாக்கு யு வடிவம். ஏன்?

ஆறு பள்ளத்தாக்கின் அடியில் ஒரு கோடாக ஓடி அதை மட்டும் அறுக்கும். பக்கச் சரிவுகள் தாமாகச் சரிந்து விழும். பனியாறு பள்ளத்தாக்கையே நிரப்பிக்கொண்டு நகர்வதால் அடியையும் பக்கங்களையும் சேர்த்துத் தேய்க்கும். வளைந்து வளைந்து போன ஆற்றின் குறுக்கே நீட்டியிருந்த மலைமுனைகளும் வெட்டுப்பட்டுப் பள்ளத்தாக்கு நேராகிவிடும். கிளைப் பனியாறு மெல்லியது, அதன் அரிப்பும் குறைவு. பனி உருகிய பின் அதன் தரை முதன்மைப் பள்ளத்தாக்குக்கு மேலே அந்தரத்தில் நிற்கும். அதுதான் தொங்கும் பள்ளத்தாக்கு. கலிஃபோர்னியாவின் யோசமிட்டியில் பிரைடல்வெயில் அருவி அப்படிப்பட்ட ஒன்றின் வாயிலிருந்து சுமார் 188 மீட்டர் விழுகிறது.

ஓர் எச்சரிக்கை. தட்டையான தரையைப் பார்த்து 'பனியாறு இவ்வளவு சமமாகச் சீவியிருக்கிறது' என்று எழுதிவிடாதீர்கள். பனியாறு குடைந்த பாறைத் தரை குழிந்துதான் இருக்கும். பிறகு ஏரியும் ஆறும் கொண்டுவந்த வண்டல் அதை நிரப்பியதால்தான் அது தட்டை. யோசமிட்டியின் புல்வெளிக்கு அடியில் பாறையைத் தொட, சில இடங்களில் 500 மீட்டருக்கும் மேல் வண்டலைத் தோண்ட வேண்டும்.

சர்க், அரெட்டு, கொம்புச் சிகரம்: இவற்றில் எது முதலில் உருவாகும்?

சர்க்தான் முதல். மலைச்சரிவின் ஒரு சின்னப் பள்ளத்தில் வெண்பனி தேங்கி, பனிக்கட்டியாகி, சுழன்று இறங்கும்போது பின்சுவரைப் பறித்து, தரையைக் குடைந்து, வாயில் ஒரு பாறைத் திட்டை விட்டுவைக்கும். கைப்பிடி உள்ள நாற்காலி போன்ற உருவம். பனி போன பின் அங்கே ஓர் ஏரி நிற்கும். இரண்டு சர்க்குகள் முதுகோடு முதுகாகக் குடைந்தால் இடையே மிஞ்சும் கத்திமுனை மேடு அரெட்டு. மூன்றோ நான்கோ பக்கங்களிலிருந்து குடைந்தால் மிஞ்சுவது கொம்பு; 4,478 மீட்டர் உயரமுள்ள மேட்டர்ஹார்ன் அப்படி மிஞ்சியதுதான். வட அரைக்கோளத்தில் சர்க்குகள் பெரும்பாலும் வடக்கும் வடகிழக்கும் நோக்கியே இருக்கும், வெயில் குறைவு என்பதால்.

ஃபியார்டு கடல்மட்டத்துக்குக் கீழே ஆயிரம் மீட்டர் இறங்குகிறதே, அப்போது கடல் அவ்வளவு தாழ்ந்திருந்ததா?

இல்லை. ஃபியார்டு என்பது பனியாறு குடைந்து, பிறகு கடல்நீர் புகுந்த பள்ளத்தாக்கு. கடைசிப் பனிக்காலத்தின் உச்சத்தில், சுமார் 26,500 முதல் 19,000 ஆண்டுகளுக்கு முன், கடல் இன்றைவிட 120 முதல் 130 மீட்டர் தாழ்ந்திருந்தது. நார்வேயின் சோக்னே ஃபியார்டின் ஆழமோ சுமார் 1,300 மீட்டர். கணக்கு ஒட்டவில்லை.

விடை மிதத்தலில் இருக்கிறது. ஆற்றுநீர் கடலைத் தொட்டதும் மிதந்து பரவி, அறுக்கும் வலிமையை இழந்துவிடும். பனிக்கட்டியோ தன் தடிமனில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு ஆழத்துக்குத் தண்ணீர் வந்தால்தான் மிதக்கும். 1,500 மீட்டர் தடிமனுள்ள பனியாறு 1,300 மீட்டர் ஆழத்திலும் தரையை அழுத்திக் குடைந்துகொண்டே இருக்கும். வாய்ப்பகுதியில் பக்கச் சுவர்கள் விலகி, பனிக்கட்டி விரிந்து மெலிந்து மிதக்கத் தொடங்கியதும் குடைதல் நின்றுவிடும். அதனால்தான் உள்ளே ஆழமும் வாயில் மேடுமாக ஃபியார்டுகள் இருக்கின்றன.

மொரைன் வகைகளை எப்படி நினைவில் வைப்பது?

எங்கே கிடக்கிறது என்பதை வைத்து. ஓரத்தில் பக்க மொரைன். இரண்டு பனியாறுகள் சேரும்போது அவற்றின் பக்க மொரைன்கள் ஒட்டி நடுவில் கோடாக வருவது நடு மொரைன். முனையில் முனை மொரைன். அடியில் பரப்பி விடப்பட்டது தள மொரைன். களத்தில் அதிகம் பயன்படுவது பக்க மொரைனும் முனை மொரைனும்தான். பழைய பனியாறு எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம் வந்தது என்று அவையே காட்டும். முனையைத் தாண்டி உருகுநீர் மணலையும் சரளையையும் தரம் பிரித்துப் பரப்பிய சமவெளி வேறு. அது தண்ணீரின் வேலை.

மலைச்சரிவில் குவிந்த கல்மண்ணும் பனியாறு விட்டுப்போனதும் பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றனவே?

ஒரே ஓர் அடையாளத்தை நம்பக் கூடாது. பனியாறு நேரடியாக விட்டுப்போன கலவைக்கு டில் என்று பெயர். அதில் களிமண் மாவு முதல் வீட்டளவு பாறை வரை அடுக்கே இல்லாமல் கலந்திருக்கும். மண்சரிவிலும் அப்படித்தான். வேறுபாடு கற்களில் தெரியும். கையில் எடுத்துத் தண்ணீரில் கழுவுங்கள். டில் கல்லில் ஒன்றிரண்டு பக்கம் இஸ்திரிப் பெட்டியின் அடிபோல் தட்டையாகத் தேய்ந்திருக்கும்; விளிம்புகள் மழுங்கியிருக்கும்; தட்டைப் பக்கத்தில் மெல்லிய இணைகோடுகள் ஓடும். கோடுகள் சுண்ணாம்புக்கல் போன்ற நுண்மணிப் பாறையில் நன்றாக நிற்கும். கரடுமுரடான கருங்கல்லில் தேடினால் ஏமாற்றம்தான். ஐம்பது கற்களைப் பார்த்து ஐந்தில் கோடு இருந்தாலே அது நல்ல சான்று.

அடுத்து, கல்லின் ஊர். அந்த மலையில் இல்லாத பாறைவகை கலந்திருந்தால் மண்சரிவு வாதம் விழுந்துவிடும். கனடாவின் ஆல்பர்ட்டாவில் ஓக்கோடாக்ஸ் அருகே சமவெளியில் சுமார் 16,500 டன் எடையுள்ள குவார்ட்சைட் பாறை தனியே நிற்கிறது. அது ராக்கி மலையில் சரிந்து பனியாற்றின் முதுகில் விழுந்து, அதன் மேலேயே பயணம் செய்து வந்தது. அடியில் சிக்காமல் வந்ததால் அதன் முனைகள் இன்னும் கூராகவே இருக்கின்றன.

டிரம்லினையும் ஆட்டுமுதுகுப் பாறையையும் எப்போதும் மாற்றி எழுதிவிடுகிறேன். எந்தப் பக்கம் செங்குத்து?

ஆட்டுமுதுகுப் பாறை அரிப்பில் மிஞ்சிய பாறை மேடு. பனி வந்த பக்கம் தேய்ந்து வழவழப்பாகச் சாய்ந்திருக்கும்; போன பக்கம் பறிக்கப்பட்டுச் செங்குத்தாக, கரடுமுரடாக இருக்கும். பறித்தல் பின்பக்கம் நடக்கும் என்று மேலே சொன்னதை நினைத்துக்கொண்டால் மாறாது. டிரம்லின் பெரும்பாலும் டில் குழைந்து உருவான மேடு. பனி வந்த பக்கம் மொட்டையாகச் செங்குத்து, போன பக்கம் வால்போல் மெலியும். ஆக இரண்டும் எதிரெதிர். டிரம்லின்கள் தனியாக வராது, நூற்றுக்கணக்கில் ஒரே திசையில் படுத்திருக்கும்.

எஸ்கர் மேட்டில் ஏறி இறங்குகிறது என்கிறார்கள். தண்ணீர் மேடேறுமா?

திறந்த வெளியில் ஏறாது, குழாயில் ஏறும். எஸ்கர் என்பது பனியாற்றுக்கடியில் சுரங்கமாக ஓடிய உருகுநீர் விட்டுச்சென்ற மணல், சரளைக் கரை. சுரங்கம் நிறையத் தண்ணீர். அதன் மேல் நூற்றுக்கணக்கான மீட்டர் பனிக்கட்டியின் அழுத்தம். தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதைத் தீர்மானிப்பதில், தரையின் சாய்வைவிடப் பனிக்கட்டியின் மேற்பரப்புச் சாய்வுக்கு ஏறக்குறைய 11 மடங்கு வலிமை. அதனால் பனிக்கட்டி சாயும் திசையில் தரை மேடாக இருந்தாலும் தண்ணீர் ஏறிப் போய்விடும்.

எஸ்கரை வெட்டிப் பார்த்தால் உருண்ட கற்களும் தரம் பிரிந்த மணல் அடுக்குகளும் தெரியும். டில்லில் இவை இருக்காது. பின்லாந்தின் புங்காஹர்யு, இருபுறமும் ஏரி நீர் தொட்டு நிற்க நடுவே நீளும் எஸ்கர்.

கெட்டில் ஏரி என்றால்?

பின்வாங்கும் பனியாற்றிலிருந்து பிரிந்த பனிக்கட்டித் துண்டு உருகுநீர் மணலில் புதைந்து, பல ஆண்டுகள் கழித்து உருகும்போது மேல்மண் இறங்கி உண்டாகும் குழி. நீர் நிறைந்தால் கெட்டில் ஏரி. குழி பனிக்கட்டித் துண்டின் அளவைச் சொல்லுமே தவிர, பனியாற்றின் அரிப்பைச் சொல்லாது.

பனியாற்றின் மேல் கல்லும் மண்ணும் கிடந்தால் வேகமாக உருகுமா, மெதுவாகவா?

தடிமனைப் பொறுத்தது. ஓரிரு சென்டிமீட்டருக்குள் தூசிபோல் இருந்தால் கறுப்பு நிறம் வெயிலை இழுத்து உருகலைக் கூட்டும். அதைத் தாண்டினால் போர்வையாகி உருகலைக் குறைக்கும். அதனால்தான் நடு மொரைனும் பெரிய பாறைகளும் சுற்றியுள்ள பனிக்கட்டியைவிட உயர்ந்து நிற்கின்றன.

இமயமலையில் இது பெரிய விஷயம். கல்மூடிய பனியாறுகளின் முனை பல ஆண்டுகள் நகராமல் நிற்கும். 'நலமாக இருக்கிறது' என்று நினைத்துவிடுவோம். உள்ளே தடிமன் குறைந்துகொண்டே வரும். மேற்பரப்பில் உண்டாகும் குளங்களும், கல் நிற்காத பனிக்கட்டிச் சுவர்களும்தான் உருகும் வாய்கள். அந்தக் குளங்கள் ஒன்று சேர்ந்தால் மொரைன் அணைத்து நிற்கும் ஏரியாகிவிடும்.

பெரிகிளேசியல் என்றால் பனியாற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் நிலம்தானே?

சொல்லின் பிறப்பு அப்படித்தான். போலந்து நிலவியலாளர் வலெரி வோசின்ஸ்கி கார்பாத்திய மலைகளின் பாறைக்குவியல் சரிவுகளை விளக்க 1909இல் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இன்று பொருள் விரிந்துவிட்டது. பனியாறு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும், இல்லவே இல்லாவிட்டாலும், உறைதலும் இளகுதலும் நிலத்தை உருவாக்கும் முதன்மை வேலையாக இருந்தால் அது பெரிகிளேசியல் நிலம்.

நிரந்தர உறைநிலம் என்றால் அடியில் முழுக்கப் பனிக்கட்டியா?

இல்லை. அது வெப்பநிலையை வைத்துச் சொல்லும் பெயர்: தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது 0 டிகிரி செல்சியஸிலோ அதற்குக் கீழோ இருக்கும் தரை. துளி ஈரமில்லாத பாறையும் உறைநிலமே. 'நிரந்தர' என்ற அடைமொழி உண்மையில் கொஞ்சம் அதிகம். மேலே 30 சென்டிமீட்டர் முதல் சில மீட்டர் வரை கோடையில் இளகி, குளிரில் உறையும் அடுக்கு இருக்கும். பெரிகிளேசியல் வேலை பெரும்பாலும் இந்த இளகும் அடுக்கில்தான். கீழே உறைந்த தரை இருப்பதால் தண்ணீர் இறங்க முடியாமல் அடுக்கு சொதசொதவென்று நிற்கும்.

ஆழத்துக்கு ஓர் உதாரணம். சைபீரியாவின் யாக்குட்ஸ்க் நகரில் ஷெர்கின் என்ற வணிகர் 1828 முதல் 1837 வரை கிணறு தோண்டினார். சுமார் 116 மீட்டர் போயும் உறைந்த மண்தான் வந்தது, தண்ணீர் வரவில்லை. வடக்கு சைபீரியாவில் உறைநிலம் 1,500 மீட்டர் அளவுக்கு இறங்கும் இடங்களும் உண்டு.

சைபீரியா அவ்வளவு குளிர். அங்கே ஏன் பெரிய பனியாறுகள் இல்லை?

பனியாற்றுக்குக் குளிர் மட்டும் போதாது, நிறைய வெண்பனியும் வேண்டும். கிழக்கு சைபீரியா வறண்ட பகுதி. குளிர்காலத்தில் விழும் கொஞ்சம் பனியும் கோடையில் உருகிவிடும். மூடிக்கொள்ள பனிக்கட்டிப் போர்வை இல்லாததால் கடைசிப் பனிக்காலம் முழுவதும் தரை நேராகக் குளிரை வாங்கியது; உறைநிலம் அவ்வளவு ஆழம் இறங்கியதற்கு இதுவும் காரணம். தடிமனான பனிவிரிப்புக்கு அடியில் இருந்த தரையோ பல இடங்களில் உறையாமல் இருந்தது.

தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் விரிகிறது. பாறை உடைவதும் மண் மேலெழும்புவதும் அதனால்தானே?

பாடநூல்கள் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் அது கதையின் சின்னப் பங்கு. அமெரிக்க நிலவியலாளர் ஸ்டீபன் டேபர் 1930 வாக்கில் மண்ணில் தண்ணீருக்குப் பதில் பென்சீனை ஊற்றி உறையவைத்தார். பென்சீன் உறையும்போது விரிவதில்லை, சுருங்கும். இருந்தும் மண் மேலெழும்பியது. அப்படியானால் விரிவு காரணமாக இருக்க முடியாது.

நடப்பது இதுதான். 0 டிகிரிக்குக் கீழேயும் மண் துகள்களைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் உறையாமல் இருக்கும். அந்தப் படலம் வழியாகக் கீழிருந்து தண்ணீர் உறிஞ்சப்பட்டு, உறைதல் நடக்கும் எல்லையான உறைமுனைக்கு வந்து, தகடு தகடாகப் பனிக்கட்டி வளரும். தகடு வளர வளர மண் தூக்கப்படும். பாறை விரிசலிலும் இப்படித்தான். சுமார் மைனஸ் 3 முதல் மைனஸ் 8 டிகிரி வரை இது நன்றாக நடக்கும். அதைவிடக் கடுங்குளிரில் தண்ணீர் நகர முடியாமல் வேலை மந்தமாகிறது. மண்ணில் வண்டல்தான் (மணலைவிட நுண்ணிய, களிமண்ணைவிடப் பருத்த துகள்) மிக மோசம்: மணலில் உறிஞ்சும் வலிமை போதாது, களிமண்ணில் தண்ணீர் வேகமாக வராது, வண்டலில் இரண்டும் சரியாகப் பொருந்தும். குளிர்நாடுகளில் சாலைக்கு அடியில் வண்டலை அகற்றிவிட்டுச் சரளை போடுவது இதனால்தான்.

யாரோ அடுக்கி வைத்ததுபோல் கற்கள் வட்டமாக இருக்கின்றன. எப்படி?

உறைதல் கல்லை மேலே தள்ளும். இளகும்போது கீழிருக்கும் வெற்றிடத்தில் நுண்மண் விழுந்து கல்லைத் திரும்ப இறங்கவிடாது. ஆண்டுதோறும் இது நடந்தால் கற்கள் மேலே வந்துவிடும். நுண்மண் அதிகமுள்ள இடம் ஈரம் பிடித்து அதிகம் வீங்கி மேடாகும்; மேலே வந்த கற்கள் மேட்டிலிருந்து ஓரத்துக்கு உருளும். பக்கத்து மேட்டிலிருந்தும் கற்கள் வர, எல்லையில் கல்வளையம் நிற்கும். நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் சில மீட்டர் அகலமுள்ள அழகான வளையங்கள் உண்டு. தரை சில டிகிரி சாய்ந்தாலே வட்டங்கள் இழுபட்டுக் கோடுகளாகிவிடும்.

பெரிய பலகோணங்களும் இதே மாதிரிதானா?

இல்லை. 10 முதல் 30 மீட்டர் அகலமுள்ள பலகோணங்கள் தரை சுருங்கி வெடித்ததால் வருபவை. கடுங்குளிரில் உறைந்த தரை சுருங்கி, ஒரு விரலுக்கும் குறைவான அகலத்தில் பிளக்கும். வசந்தத்தில் உருகுநீர் இறங்கி உறையும். அடுத்த குளிரில் அதே இடம்தான் மறுபடி வெடிக்கும். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டராக, நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்து, மீட்டர்க் கணக்கில் ஆழமுள்ள பனிக்கட்டி ஆப்பாகிறது. உறைநிலம் இல்லாமல் இது உருவாகாது. மேலே சொன்ன கல்வளையம் உறைநிலம் இல்லாமலும் உருவாகலாம். தேர்வில் கேட்கத் தக்க வேறுபாடு இது.

பிங்கோ எரிமலையா? படத்தில் அப்படித்தான் தெரிகிறது.

அல்ல, உள்ளே பனிக்கட்டி இருக்கும் மண்குன்று. ஏரிக்கு அடியில் தரை உறையாமல் இருக்கும். ஏரி வடிந்தால் அந்த ஈர மணல் எல்லாப் பக்கமிருந்தும் உறையத் தொடங்கும். உள்ளே சிக்கிய தண்ணீர் அழுத்தப்பட்டு, மெல்லிய இடத்தில் மேலெழும்பி உறையும். கனடாவின் டுக்டோயாக்டுக் அருகேயுள்ள இப்யுக் பிங்கோ 49 மீட்டர் உயரம், அடியில் சுமார் 300 மீட்டர் அகலம். உச்சி வெடித்துப் பனிக்கட்டி வெயில் பட்டு உருகினால் நடுவில் குழி விழும். எரிமலை வாய்போல் தெரிவது அதுதான். உறைநில ஆய்வாளர் ராஸ் மக்கே 1978இல் அதே கரையில் ஓர் ஏரியை வேண்டுமென்றே வடியவைத்து, அதன் தரை ஆண்டுதோறும் எப்படி உறைகிறது என்று அளந்தார்.

உறைநிலத்தில் கட்டடம் கட்டினால் என்ன ஆகும்?

கட்டடத்தின் சூடு இறங்கித் தரையிலுள்ள பனிக்கட்டி உருகும், மண் இறங்கும், ஒரு பக்கம் அதிகம் இறங்கினால் சுவர் பிளக்கும். எனவே தூண்களை உறைநிலத்துக்குள் ஆழமாக இறக்கி, தரைக்கும் கட்டடத்துக்கும் நடுவே காற்று ஓட இடம் விடுவார்கள். 1977இல் ஓடத் தொடங்கிய 1,287 கிலோமீட்டர் நீள அலாஸ்கா எண்ணெய்க் குழாயில் பாதிக்கு மேல் தூண்களில் நிற்கிறது. பல தூண்களுக்குள் அம்மோனியா அடைத்த குழாய்கள் குளிர்காலத்தில் தரையின் சூட்டை வெளியே இழுக்கும்.

கட்டடமே இல்லாமலும் இது நடக்கும். மரங்களை வெட்டினாலே நிழலும் பாசிப் போர்வையும் போய்த் தரை இளகும். சைபீரியாவில் யாக்குட்டியாவின் பத்தகாய் பகுதியில் 1960களில் காடு அழிக்கப்பட்ட இடத்தில் தொடங்கிய சரிவு இன்று கிட்டத்தட்ட 1 கிலோமீட்டர் அளவுக்கு வாய் பிளந்து, இன்னும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. பனிக்கட்டி நிறைந்த சுவர் வெயிலில் பட்டுவிட்டால் தானாக நிற்பதில்லை.

பனியாறு போய்விட்டால் நிலம் அப்படியே நின்றுவிடுமா?

நிற்காது. எடை நீங்கியதால் தரை எழும்பும். சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவிலுள்ள பாத்னியா வளைகுடாவின் வடக்கில் இன்றும் ஆண்டுக்கு 1 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக எழுகிறது. சுவீடனின் ஹோகா குஸ்தன் பகுதியில் பழைய கடற்கரைக் கோடு இன்று 286 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பள்ளத்தாக்கின் பக்கங்களைத் தாங்கியிருந்த பனிக்கட்டி போனதால் சரிவுகள் விழும். மலை உச்சியின் உறைநிலம் இளகினால் விரிசல்களைப் பிடித்திருந்த பனிக்கட்டிப் பசையும் போகும்.

சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரியில் 2023 அக்டோபர் 3 இரவு நடந்தது இந்த இரண்டும் சேர்ந்தது. பனியாறு பின்வாங்கிய இடத்தில் ஏரி. அதன் ஓரத்தில் உறைந்து நின்ற பக்க மொரைன். மொரைன் சரிந்து ஏரியில் விழ, எழுந்த அலை கரையை உடைத்து, வெள்ளம் சுங்தாங் அணையை அடித்துச் சென்றது. இப்படிப்பட்ட ஏரிகளைக் கண்காணிக்கும்போது நீர்மட்டத்தோடு சுற்றியுள்ள சரிவுகளின் நகர்வையும் அளப்பது கட்டாயம்.

மொரைனின் வயதை எப்படிச் சொல்கிறார்கள்?

பனி விலகி வெயில் பட்ட நாளிலிருந்து, விண்கதிர்கள் பாறையின் குவார்ட்ஸில் பெரிலியம்-10 அணுக்களை உண்டாக்கும். அவற்றை எண்ணினால் வயது. இரண்டு இடத்தில் தவறு வரும். பிறகு உருண்டு புரண்ட பாறை இளையதாகக் காட்டும். பனியாறு சரியாகத் தேய்க்காத பாறையில் பழைய அணுக்கள் மிஞ்சி, முதியதாகக் காட்டும். எனவே மொரைனின் முகட்டில் நிலையாக அமர்ந்த பல பாறைகளிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும்; ஒரே பாறையை வைத்து முடிவு சொல்லக் கூடாது. மரத்துண்டோ கரிமண்ணோ கிடைத்தால் கார்பன் முறையால் சரிபார்க்கலாம்.

ஒரே மலையில் உறைநில அடையாளமும் பனியாற்று அடையாளமும் இருக்கின்றன. எது முதலில் வந்தது?

இதுதான் இருப்பதில் சிக்கலான கேள்வி. டில்லை வெட்டிக்கொண்டு இறங்கும் ஆப்பு வடிவ மணல் நிரப்பு தெரிந்தால் பதில் எளிது. டில் முதலில் கிடந்தது, பனியாறு போன பின் உறைநிலம் வந்து பனிக்கட்டி ஆப்பு வளர்ந்தது, அது உருகிய இடத்தை மணல் நிரப்பியது. ஆப்பின் மேல் டில் மூடியிருந்தால் வரிசை தலைகீழ்.

மலை உச்சியில் உடைகற்கள் பரந்து கிடந்து, ஒரு மட்டத்துக்குக் கீழே மட்டும் பாறை வழவழப்பாக இருந்தால் கவனம் தேவை. 'பனி அந்த மட்டம் வரைதான் இருந்தது, உச்சி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது' என்று நீண்ட காலம் எழுதினார்கள். பாறையோடு ஒட்டிய பனிக்கட்டி எதையும் கலைக்காது என்று மேலே பார்த்தோம். அப்படியானால் அந்த மட்டம் பனியின் மேற்பரப்பாக இல்லாமல், வழுக்கிய பனிக்கும் ஒட்டிய பனிக்கும் நடுவிலிருந்த எல்லையாகவும் இருக்கலாம். உடைகற்களுக்கு நடுவே நடந்து, அந்த மலையில் இல்லாத பாறைவகைத் துண்டு கிடக்கிறதா என்று தேடுங்கள். காற்றும் மண்சரிவும் அதை உச்சிக்கு ஏற்ற முடியாது. ஒன்றே ஒன்று உறுதியாகக் கிடைத்தாலும் பனிக்கட்டி அந்த உச்சியையும் மூடியிருந்தது என்று எழுதலாம்.